உப்பு மூட்டையாகப் போன திங்கட்கிழமை

ஸ்ரீரங்கம் கோயில் பிராகாரத்தில், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஒருவரின் முதுகில் உப்பு மூட்டையாகத் தொங்கிக்கொண்டு போனேன். எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும். மீசையெல்லாம் இருந்தது.

அவர் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் என் மோவாய் அவர் தோளில் இடித்தது. வியர்வையும் சந்தன சோப்பும் கலந்த வாசனை. எதிரே வந்த பெண்கள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு சின்னப் பெண் தன் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "அவ்வளவு பெரிய மாமாவையே தூக்கிண்டு போறா, என்னை மட்டும் நடக்கச் சொல்றியே!" என்று அழ ஆரம்பித்தாள்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் 'நிறுத்துங்க' என்று சொல்ல வாய் வராமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தவன். அதுவும் கேலிப்பர் போட்ட காலோடு. அப்படிப்பட்டவன் பட்டப்பகலில், ஊரே பார்க்க, இன்னொருவர் முதுகில் ஏறிப் போனேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

போயிட்டு வரது

போன வாரம் என்னுடைய முதல் கேலிப்பரைப் பற்றி எழுதியிருந்தேன். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன வலது காலுக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தோல் பட்டைகள், அடியில் ஒரு பூட்ஸ். அது வந்த பிறகுதான் லால்குடிப் பக்கத்து எங்கள் ஊரை விட்டுத் திருச்சிக்கு வேலைக்கு வந்தேன்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக் கடையில், மாடிப்படிக்கு அடியில் கைமெஷின் வைத்துச் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எனக்கு அது பிடித்த வேலை. தலையைக் குனிந்தபடியே இருக்கலாம். யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள்.

அங்கே ஒருநாள் சேலை வாங்க வந்தவர்தான் ஞானம் அக்கா. இரண்டு கக்கத்திலும் கட்டை ஊன்றி நடப்பார். ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். படிக்கு அடியில் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"முட்டிகிட்ட உரசுதா?"

அதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. பெயரைக்கூட அப்புறம்தான் கேட்டார். இரும்பு உரசுவதைப் பற்றி அதுவரை என்னிடம் யாரும் விசாரித்ததில்லை. மெதுவாக, "ஆமாக்கா" என்றேன். அடுத்த வாரமே அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானும் ஓர் ஆளாகிவிட்டேன்.

ஒரு மாதா கோயில் பள்ளிக்கூடத்து வராந்தாவில் மத்தியான வேளையில் கூடுவோம். கண் தெரியாதவர், மில்லில் கையை இழந்தவர், என்னைப் போலக் கால் சரியில்லாதவர்கள். பேசுவோம், சுண்டல் சாப்பிடுவோம். ஊரில் எந்த வீட்டிலாவது இப்படி ஒரு பிள்ளை முடங்கிக் கிடக்கிறது என்று தெரிந்தால், இரண்டு பேர் கிளம்பிப் போவோம்.

போய் என்ன பேசுவோம்? பஸ்ஸில் எந்தக் காலை முதலில் வைப்பது. கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார்ந்தால் எப்படி எழுந்திருப்பது. கக்கூஸில் எதைப் பிடித்துக்கொள்வது. 'போன ஜென்மத்துப் பாவம்' என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போகும் அத்தையிடம் என்ன சொல்வது. டாக்டரிடம் கேட்க வெட்கமாக இருக்கும் விஷயங்கள்தான் எல்லாம்.

ரொம்ப நாள் கழித்து மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர் இதற்கெல்லாம் 'கவுன்சிலிங்' என்று பேர் இருப்பதாகச் சொன்னார். "அப்படிங்களா? நாங்க இதை 'போயிட்டு வரது'ன்னு சொல்லிக்கிட்டிருந்தோம்" என்றார் ஞானம் அக்கா.

பிடித்து வைக்கும் வேலை

அக்கா ஒரு முறை வைத்திருந்தார். போகிற இரண்டு பேரில் ஒருவர் பிள்ளையோடு பேச வேண்டும். இன்னொருவர் அப்பா அம்மாவை வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளை வாயைத் திறக்காது. 'சாப்பிட்டியா' என்று கேட்டால்கூட அம்மாவின் முகத்தைப் பார்க்கும்.

இந்த இரண்டாவது வேலைக்கு எங்களுக்குள் 'பிடித்து வைப்பது' என்று பேர். அது எப்போதும் என் தலையில்தான் விழும்.

"எனக்குப் பேச வராதேக்கா."

"அதனாலதான் உனக்கு. அவங்க பேசட்டும்."

முதல் முறை உறையூரில் ஒரு வீடு. அந்த அம்மா எதிரே பாயில் உட்கார்ந்தேன். தலையைக் குனிந்தவன் நிமிரவில்லை. அந்த அம்மா பேசினார், அழுதார், திரும்பப் பேசினார், எனக்கு மோர் கொடுத்தார். நான் சொன்ன ஒரே வார்த்தை, 'உப்பு சரியா இருக்கு.' அடுத்த வாரம் அவர் ஞானம் அக்காவிடம், "அந்தத் தம்பி எவ்வளவு நல்லாப் பேசுது, மனசே லேசாயிடுச்சு" என்றாராம். அக்கா இதைக் கூட்டத்தில் சொல்லி அத்தனை பேரையும் சிரிக்க வைத்தார்.

எங்களுக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. யாரையும் கேட்காமல் தூக்கக் கூடாது, நம்மைத் தூக்க வந்தாலும் விடக் கூடாது. "நாம மூட்டை இல்ல" என்பார் அக்கா.

குட்டியும் அவன் அப்பாவும்

நாங்கள் போய்ப் பார்த்துவந்த பிள்ளைகளில், ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு பையன். பெயர் ரங்கநாதன். அந்தத் தெருவில் 'ரங்கா' என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து பதில் வரும் என்பதால் அவனுக்குக் குட்டி என்று பேர். இருபது வயது தாண்டியும் குட்டிதான். அவனுக்கு இரண்டு கால்களும் இல்லாத மாதிரி. கைகள் மட்டும் பிரமாதம். தெருவில் யார் வீட்டு ரேடியோ நின்றுபோனாலும் இவன் மடிக்குத்தான் வரும்.

அவன் அப்பா நரசிம்மன் மாமா. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து, மகனுக்காகவே முன்கூட்டி ஓய்வு வாங்கிக்கொண்டவர். பள்ளிக்கூடம், டைப்ரைட்டிங் கிளாஸ், கோயில், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்துக்கும் மகனை முதுகில் சுமந்தே போனவர். தங்கமான மனிதர். ஒரே ஒரு பழக்கம், யார் குட்டியை என்ன கேட்டாலும் பதில் அவரிடமிருந்து வரும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கரீம் பாய் ரேடியோ கடை வைத்திருந்தார். ஒரு கதவு அகலம்தான் கடை. ஞானம் அக்கா சொன்னதன் பேரில் குட்டியின் கைவேலையைப் பார்த்து அவனை வேலைக்கு வரச் சொன்னார். முதல் நாள் அப்பா முதுகில் வந்து இறங்கினான். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்று சாயந்திரமே பாய் ஞானம் அக்காவைத் தேடி வந்துவிட்டார்.

"பையன் நல்ல பையன்மா. ஆனா ஒருத்தரைக் கூப்பிட்டா ரெண்டு பேர் வந்து உட்கார்றாங்க. நான் எங்க உட்கார்றது? வர்றவன் 'ரேடியோ ஏன் கரகரங்குது'ன்னு பையன்கிட்ட கேக்குறான். சாமி குறுக்க வந்து, 'குழந்தைக்கு ஜலதோஷம், நாளைக்கு வாங்கோ'ங்குறாரு. யாவாரம் பார்க்க வேண்டாமா?"

"இப்ப என்ன செய்யலாம் பாய்?"

"திங்கக்கிழமை அவன் மட்டும் வரட்டும். அப்பாவும் வந்து நின்னாருன்னா, கோவிச்சுக்காதீங்க, நான் வேற ஆளை வெச்சுக்கிறேன்."

குட்டிக்கு வாய்த்த முதல் வேலை அது. அது போனால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

வண்டி இருந்தது. யாரோ தர்மவான்கள் கொடுத்த, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. மாதக்கணக்காக வாசலை ஒட்டிய ரேழியில் நின்றது. அதன் ஸீட்டில் குட்டியின் அம்மா வைதேகி மாமி வற்றல் காயப்போட்டு வைத்திருந்தார். மாமா அதைத் தொடவிடுவதில்லை. "பாலத்துல லாரி வரும், காத்தடிக்கும்" என்பார்.

மாமி பொல்லாதவர். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது அடுக்களை வாசலுக்குக் கூப்பிட்டுக் காதோடு சொன்னார்.

"இவர் கொள்ளிடத்துக்கு ஸ்நானத்துக்குப் போற நேரமாப் பார்த்து நானும் குட்டியும் தெருவுல ஓட்டிப் பார்த்தாச்சு. அவன் ஜம்முனு ஓட்டறான். இவரைத்தான் ஒண்ணும் பண்ண முடியலை."

"மாமா சம்மதிச்சிட்டாரே மாமி. குட்டி தனியா போறேன்னதும் 'சரி, போ'ன்னாரே" என்றார் அக்கா.

"சொல்லுவார். சைக்கிளை எடுத்துண்டு பின்னாலயே வருவார். போன தடவை அடுத்தாத்துப் பிள்ளையோட சைக்கிள்ல அவனைத் தபாலாபீஸுக்கு அனுப்பினப்போ விளக்குக் கம்பத்துக்குப் பின்னால ஒளிஞ்சுண்டு நின்னார். கம்பம் எவ்வளவு ஒல்லி! இவர் ரெண்டு பக்கமும் தெரியறார்."

ஞானம் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமாவைப் பிடித்து வைப்பதும் என் தலையில்தான் என்று புரிந்தது.

ஏறுங்கோ

திங்கட்கிழமை காலை, அக்கா தூரம் போக வைத்திருந்த மூன்று சக்கர வண்டியும் குட்டியின் வண்டியும் சேர்ந்து புறப்பட்டன. மாமா என்னோடு வாசலில் நின்று கையசைத்தார். வண்டிகள் தெருமுனை திரும்பியதும் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"கறிகாய் வாங்கிண்டு வரேன்."

"கறிகாய் நேத்தே வாங்கியாச்சு" என்றார் மாமி.

"பழைய கறிகாய் உடம்புக்கு ஆகாது."

அவர் சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டார். காபி சாப்பிடக் கூப்பிட்டு அவரை உட்கார வைப்பதுதான் எனக்கு அக்கா சொல்லிக் கொடுத்த திட்டம். 'மாமா, ஒரு காபி' என்று நான்கு தெரு தூரம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

மாமிதான் காப்பாற்றினார். "ஏன்னா, இந்த மாணிக்கம் இத்தனை வருஷமா காவேரிக்கு அந்தப் பக்கம் இருக்கார். பெருமாளைச் சேவிச்சதே இல்லையாம்."

அது உண்மைதான். முந்தின நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். கேலிப்பரோடு தோல் பூட்ஸும் சேர்ந்தே இருக்கும். அதோடு கோயிலுக்குள் போக முடியாது. கழற்றினால் நடக்க முடியாது. அதனால் எப்போது இந்தப் பக்கம் வந்தாலும் மொட்டைக் கோபுரத்தடியிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்தக் கோபுரத்தை அப்போது மேலே கட்டி முடித்திருக்கவில்லை.

மாமா சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "நிஜமாவா? ஒரு தடவைகூடவா?"

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதைவிட அவசரமான காரியம் இருக்க முடியாது. தெருமுனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "வாங்கோ. சட்டுனு சேவிச்சுட்டு வந்துடலாம். அப்புறம் நான் கறிகாய்க்குப் போறேன்."

ரங்கா ரங்கா கோபுர வாசலில், நான் குனிவதற்குள் அவரே உட்கார்ந்து பட்டைகளைக் கழற்றினார். அந்தக் கைகளுக்கு எத்தனையோ வருஷப் பழக்கம். கேலிப்பரைப் பூக்கார அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"ஏறுங்கோ."

எனக்கு ஞானம் அக்காவின் விதி ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. என்னைச் சுமந்துகொண்டு இருப்பவர் சைக்கிள் ஓட்ட முடியாது. கால் இல்லாமல் என்னை நடுக்கோயிலில் விட்டுவிட்டு ஓடவும் முடியாது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஏறிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த விஷயம் எப்படியோ எங்கள் வராந்தாவரை வந்துவிட்டது. "என்ன மாணிக்கம், யானை மேல போனியாமே?" என்று அக்கா ரொம்ப நாள் என்னை விடவில்லை.

பிடரி

சன்னதியில் நெய் விளக்கு வெளிச்சம். மாமாவின் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தேன். மாமா வாய்விட்டே வேண்டிக்கொண்டார். "ரங்கா, லாரியெல்லாம் இன்னிக்கு மெதுவாப் போகணும்."

வெளியே வந்ததும் அவர் நடை ஓட்டமாக மாறியது.

"இப்ப மாம்பழச் சாலை தாண்டியிருப்பான். பாலம் ஏறிண்டிருப்பான். உங்களை இறக்கி விட்டுட்டுச் சைக்கிளை அழுத்தினா, சத்திரத்துக்கு முன்னாடியே பிடிச்சுடலாம்."

அதுவரை பேசாதிருந்த எனக்கு அந்த இடத்தில் பேச்சு வந்தது. காரணம் சாதாரணமானது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவருக்குத் தெரியவில்லை. பார்க்கிற முகம் இல்லாவிட்டால் எனக்குக் கூச்சமும் இல்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"மாமா, உங்க பிடரியில ஒரு மச்சம் இருக்கு."

"இருக்கும். நான் எங்க பார்த்தேன்?"

"முதுகுல வரவனுக்கு அது மட்டுந்தான் தெரியுது மாமா. எதிர்ல யார் வராங்கன்னு தெரியல. இப்ப சேவிச்சப்பகூட பாதிப் பெருமாளும் பாதி உங்க காதும்தான் தெரிஞ்சுது."

அவர் சிரித்தார். ஆனால் நடை கொஞ்சம் தளர்ந்தது.

"எங்க அப்பாவும் என்னை இப்படித்தான் தூக்கிக்கிட்டுப் போவாரு. எனக்குக் கேலிப்பர் வரதுக்கு முன்னாடியே அவர் போயிட்டாரு. அவர் முகம் எனக்குச் சரியா ஞாபகம் இல்ல மாமா. பிடரி நல்லா ஞாபகம் இருக்கு."

மாமா நின்றுவிட்டார். ஒரு மண்டபத்துப் படியில் என்னை மெல்ல இறக்கி உட்கார வைத்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இப்போது முகத்துக்கு நேர் முகம். எனக்குப் பழையபடி நாக்கு ஒட்டிக்கொண்டது. நல்லவேளையாக அவர் தூணைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"விழுந்துடுவானோன்னு பயம். வேற ஒண்ணுமில்லை."

"விழுவான் மாமா. நான் எவ்வளவோ தடவை விழுந்திருக்கேன். ஞானம் அக்கா சத்திரத்துல நடுரோட்டுல விழுந்து, பஸ்ஸையே நிறுத்தினவங்க. விழுந்தா எப்படி எந்திரிக்கறதுன்னுதான் அவங்க குட்டிக்கு முதல்ல சொல்லிக் குடுத்தாங்க."

"நான் தூர நின்னு பார்த்துட்டு வந்துடறேனே."

"அங்க போனா உங்களால தூர நிக்க முடியாது. உள்ள போயிடுவீங்க. பாய் வேற ஆளை வெச்சுக்குவாரு."

அவர் கோபுர வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் மறுபடி சொன்னேன். "போகணும்னா போங்க மாமா. போற வழியில பூக்காரம்மாகிட்ட சொல்லிட்டுப் போங்க, என் காலைக் கொண்டுவந்து குடுத்துடுவாங்க."

பிடித்து வைக்கப் போனவன் நானே விட்டுவிட்டேன். அக்கா கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

மாமா எழுந்தார். கோபுர வாசல் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தார். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கையில் இரண்டு தொன்னைகளில் புளியோதரை.

"சாப்பிடுங்கோ. சூடா இருக்கு." என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு கேட்டார். "அவனுக்குக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து என் முதுகு சும்மா இருந்ததில்லை. நாளைக்குக் கார்த்தால எழுந்து நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்கோ."

"எங்க கூட்டத்துக்கு வாங்க மாமா. தூக்க விட மாட்டோம். ஆனா சுண்டல் பண்ண ஆள் இல்ல" என்றேன்.

புளியோதரை புரையேறும்வரை சிரித்தார்.

எதிர்ச் சாரி

கரீம் பாய் கடை திறந்து ரொம்ப நேரம் ஆன பிறகு, "இப்பவாவது போய்ப் பார்க்கலாமா?" என்று மாமா கெஞ்சினார். ரோட்டைத் தாண்டக் கூடாது என்று பேசிக்கொண்டு, பூக்கார அம்மாவிடமிருந்து கேலிப்பரை வாங்கி மாட்டிக்கொண்டு, இரண்டு பேரும் பஸ் ஏறிச் சத்திரத்துக்கு வந்தோம். எதிர்ச் சாரியில் வாழைத்தார்கள் தொங்கிய ஒரு கடையின் மறைவில் நின்றோம்.

கரீம் பாய் கடைக்கு முன்னால் குட்டியின் வண்டி நின்றது. அக்கா ஆபீஸுக்குப் போய்விட்டிருந்தார். குட்டி தலையைக் குனிந்து ஒரு ரேடியோவுக்கு ஈயப் பற்றுவைத்துக்கொண்டிருந்தான். மெல்லிசாகப் புகை எழும்பியது. முழங்கையில் ஒரு சிராய்ப்பு இருந்ததை இங்கிருந்தே மாமா கண்டுபிடித்துவிட்டார். அவர் காலடி ஒன்று ரோட்டில் இறங்கியது. அவரே காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

தடித்த ஒருவர் டிரான்சிஸ்டரோடு வந்தார். அதைக் காதருகே வைத்து ஆட்டினார், கவுண்டரில் தட்டினார், சத்தம் போட்டார். பஸ் இரைச்சலில் ஒரு வார்த்தைகூட இந்தப் பக்கம் எட்டவில்லை. மாமாவின் உதடுகள் தாமாக அசைந்தன. மகனுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

குட்டி நிமிர்ந்தான். டிரான்சிஸ்டரைப் பார்த்தான், அந்த ஆளைப் பார்த்தான். ஏதோ சொன்னான்.

அந்தத் தடித்த ஆள் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். உள்ளேயிருந்து கரீம் பாய் சிரித்தார். டீ கொண்டுவந்தவரும் கிளாஸோடு நின்று சிரித்தார்.

"என்ன சொன்னான்?" என்று மாமா என் கையைப் பிடித்தார்.

"கேக்கலையே மாமா."

"என்னவோ சொன்னானே!"

திரும்பும் பஸ்ஸில் பாலம் முடிவதற்குள் நாலைந்து விதமாக ஊகித்துவிட்டார். "பாட்டரியைத் தலைகீழாப் போட்டுருக்கேள்னு சொல்லியிருப்பானோ? சேச்சே, அதுக்கு பாய் சிரிக்க மாட்டாரே." டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடமும், "ரேடியோக் கடையில என்ன சொன்னா சிரிப்பா?" என்று கேட்டார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தேன்.

மாமி வாசல்படியிலேயே நின்றிருந்தார். "போய்ச் சேர்ந்தானா? கடைக்குள்ள காலை வெச்சேளா நீங்க?"

"வெக்கலை. ஒருத்தன் சண்டைக்கு வந்தான். இவன் ஏதோ சொன்னான். கடையே சிரிச்சுது."

"அப்படி என்ன சொன்னான்?"

"எனக்கென்னடி தெரியும்?" என்றார் மாமா.

அந்த வார்த்தையை அவ்வளவு பெருமையாக ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.